கொட்டாய் வீட்டுக்கு வாங்கிய ஆர்.ஓ. இயந்திரம்: ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

பென்னாகரம் வட்டத்தில், ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொல்லையில் இருக்கும் எங்கள் கொட்டாய் வீட்டுக்கு, ஒன்றரை ஆண்டுக்கு முன் தருமபுரியில் ஒரு கடையில் 14,500 ரூபாய் கொடுத்து ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். கடையின் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வீட்டுக்கென விற்கப்படும் இந்த வகை இயந்திரங்களின் உள்ளே இருக்கும் மெம்பரேன், அதாவது தண்ணீரை விட்டு உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வு, ஏறக்குறைய ஒன்றுபோலவே வேலை செய்கிறது. நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சுவையாக இருக்கிறதா, பார்க்க அழகாக இருக்கிறதா என்பவற்றைவிட, எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடை அது எடுக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டிய ஒரே விடை. அந்த விடையைப் பெற நான் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. பள்ளிப் படத்தில் என் வகுப்பிலிருந்த பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறோம். வெற்றிலை போடுகிறவன், பல் விளக்காதவன் என்று வெளியூர்க் கல்லூரியில் கேலி கேட்ட பிறகுதான், இது தேய்த்தால் போகும் கறை அல்ல என்பதை ஒரு பல் மருத்துவர் விளக்கினார். பல் ஈறுக்குள் உருவாகும்போதே மிகுதியான ஃப்ளோரைடு உடலுக்குள் போனால் பல்லின் மேல்பூச்சான எனாமல் முழுதாகக் கெட்டிப்படாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. முளைக்கும்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும் அந்த இடங்களில் பழுப்பு நிறம் பிறகு ஏறிக்கொள்கிறது. ஏறக்குறைய எட்டு வயதுக்குள் நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாகி முடிந்துவிடும் என்பதால், அதற்கு மேல் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் பழைய கோடு போகாது. எவ்வளவு கெட்ட தண்ணீர் குடித்தாலும் புதிய கோடு வராது. எனக்கு இப்போது 37 வயது. என் பல்லுக்காக நான் இயந்திரம் வாங்கவில்லை.

வாங்கிய நாளில் வீட்டில் இருந்தவர்களைச் சொன்னால் காரணம் விளங்கும். அப்பாவுக்கு 68 வயது, முதுகு விறைத்துவிட்டது. அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்; சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். மகளுக்கு இரண்டு வயது. மனைவிக்கு ஐந்தாம் மாதம். ஒரே போரிலிருந்து ஒரே குடத்தில் பிடித்த தண்ணீரைத்தான் இத்தனை பேரும் குடித்தோம். ஆனால் அது ஒவ்வொருவர் உடலிலும் ஒவ்வொரு வேலை செய்கிறது. இயந்திரம் விற்கிறவர்கள் ஒருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைக்காரர் அனுப்பிய விற்பனையாளர் வீட்டுக்கு வந்து காட்டிய வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் எங்கள் போர் தண்ணீரையும் இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் கொடுத்தார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் துருப்பிடித்த பச்சையும் பழுப்புமாகத் திரண்டு நுரைத்தது. அவர் தண்ணீர் அப்படியே இருந்தது. "சார், இந்தத் தண்ணியத்தான் கர்ப்பமா இருக்கிறவங்களுக்குக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். அம்மா பயந்துபோனார். உண்மையில் அந்த நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பியில் இருக்கும் இரும்புதான் கரைந்து வருகிறது. உப்பு மிகுந்த தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் கம்பி வேகமாகக் கரையும். உப்பு எடுக்கப்பட்ட தண்ணீரில் மின்சாரம் பாயாததால் கரையாது. நான் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவருடைய டம்ளரில் போட்டு மறுபடியும் கருவியை வைக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பாயிற்று. அவர் சிரித்துக்கொண்டே கருவியைப் பையில் வைத்துவிட்டு, அடுத்தபடியாக டி.டி.எஸ். மீட்டரை எடுத்தார்.

மீட்டர் காட்டிய எண் 820. அவருடைய தண்ணீரில் 40. இது வித்தை அல்ல, உண்மையான அளவுதான். ஆனால் டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் அனைத்தின் கூட்டுத்தொகை. மீட்டர் அதையும் நேரடியாக அளக்காமல், தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைப் பார்த்துக் கணக்கிடுகிறது. அந்த 820 மில்லிகிராமில் ஃப்ளோரைடு ஒரு மில்லிகிராமா, ஐந்து மில்லிகிராமா என்பதை அந்த மீட்டரால் ஒருபோதும் சொல்ல முடியாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதிப்படி டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கத்தக்கது. ஃப்ளோரைடுக்கோ ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். உச்ச அளவு 1.5. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே 1.5தான். நிறமும் மணமும் சுவையும் இல்லாத பொருள் அது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் ஆவியாகும் அளவுக்குச் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கக் கொடுத்தேன். விடை: லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். எங்கள் போர் 650 அடி. இந்த மாவட்டத்துப் பாறையில் அபடைட், ஃப்ளோரைட், மைக்கா போன்ற ஃப்ளோரைடு அடங்கிய கனிமங்கள் உண்டு. ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு கிடந்த, காரத்தன்மை மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீரில் அது கூடுதலாகக் கரைந்து வரும். தாத்தா காலத்துக் கிணறு வற்றியபின் போரை ஆழப்படுத்த ஆழப்படுத்த, நாங்களே போய் அதைத் தொட்டிருக்கிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

இயந்திரம் பொருத்திய வாரத்திலேயே அதன் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். டி.டி.எஸ். 58, ஃப்ளோரைடு 0.3. கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பத்தில் ஒன்பது பங்கு ஃப்ளோரைடை இயந்திரம் எடுக்கிறது, குறையே சொல்ல முடியாது. சாதாரணக் கேண்டில் ஃபில்டரும் புற ஊதா விளக்கு மட்டுமே உள்ள இயந்திரமும் இந்த வேலையைச் செய்யா, அவை கிருமிக்கானவை. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை என்ற மலிவான வழி ஒன்று இருந்தாலும், அளவு பார்த்துக் கலந்து, கலக்கி, தெளியவைத்து வடிகட்டும் பொறுமை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

இனி இயந்திரத்தின் வேகம். மணிக்கு 15 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. எட்டு லிட்டர் தொட்டி நிரம்ப எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆகிறது. பகலில் மின்சாரம் போய்ப் போய் வந்தால் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். பொருத்த வந்தவர், "குடிக்கிறதுக்கு மட்டும் இதைப் பிடிங்க, சமையலுக்குப் போர் தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தோம். அது தவறு. உலையில் ஊற்றும் தண்ணீரை அரிசி உறிஞ்சிக்கொள்கிறது. பருப்பும் களியும் அதேபோலத்தான். வேகும்போது தண்ணீர் வற்றினாலும் ஃப்ளோரைடு வற்றுவதில்லை. அப்பா நாளைக்கு ஐந்து முறை குடிக்கும் டீயைக் கணக்கில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தேயிலைச் செடியே மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் செடி. சோறு, குழம்பு, டீ எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் வீட்டுக்கு நாளைக்கு 25 லிட்டர் தேவைப்படுகிறது. இப்போது விடியற்காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் எவர்சில்வர் அண்டாவில் பிடித்து வைத்துக்கொள்கிறோம். வாங்குகிறவர்கள் தொட்டியின் அளவைக் குடிப்பவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாமல், உலைப்பானையை வைத்து முடிவு செய்வது நல்லது.

அப்பாவின் கதை வேறு. உடலில் தங்கும் ஃப்ளோரைடில் ஏறக்குறைய முழுவதும், அதாவது 99 விழுக்காடு, எலும்பிலும் பல்லிலும்தான் போய்ச் சேர்கிறது. நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கும் உழவருக்கு எங்கள் போரிலிருந்து தண்ணீர் வழியாக மட்டும் 9.6 மில்லிகிராம் போகிறது. சோறும் டீயும் தனி. நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமுக்கு மேல் போனாலே எலும்பைப் பாதிக்கக்கூடும் என்றும், 14 மில்லிகிராமை எட்டினால் பாதிப்பு உறுதி என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு உள்ளது. ஒரு முறை மருத்துவ முகாமில் அப்பாவை மூன்று வேலைகள் செய்யச் சொன்னார்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுப்பது, முகவாயை மார்பில் தொடுவது, கைகளைத் தூக்கிப் பின்தலையைத் தொடுவது. அப்பா காசை எடுக்க வலக்காலை மடித்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, பக்கவாட்டில் சாய்ந்து இறங்கினார். முகவாய்க்கும் மார்புக்கும் இடையில் நான்கு விரற்கடை இடைவெளி நின்றது. "எல்லாருக்கும் வயசானா இப்படித்தானே" என்றார். வயதாலும் வரலாம்தான்; ஆனால் எலும்பு தடித்து, அதைக் கட்டியிருக்கும் நார்களிலும் சுண்ணம் ஏறி இறுகும் எலும்பு ஃப்ளோரோசிஸ் இப்படித்தான் மெதுவாக வருகிறது. சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்த நோய் 1937-இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இறுகியதை இளக்கும் மருந்து கிடையாது. எலும்பில் சேர்ந்தது வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், இயந்திரம் வந்து ஒன்றரை ஆண்டாகியும் அப்பாவின் முதுகு அப்படியேதான் இருக்கிறது. இயந்திரம் வாங்கினால் மூட்டுவலி பறந்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

அம்மாவுக்கு இன்னொரு கணக்கு. உள்ளே போகும் ஃப்ளோரைடில் பெரியவர்கள் ஏறக்குறையப் பாதியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்யும் சிறுநீரகம் தளர்ந்தால் அதே தண்ணீரில் கூடுதலாகத் தங்கும். ஆகவே அவருக்கு வரம்பு என்று சொல்லப்படும் 1.5 கூட நிம்மதி தரும் எண் அல்ல.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு இயந்திரத்தின் மேல் மரியாதை வந்தது. வளரும் எலும்பு ஃப்ளோரைடைத் தாகத்தோடு வாங்கிக்கொள்கிறது. கைக்குழந்தையின் உடல் தனக்குள் வந்ததில் 80 விழுக்காட்டுக்கு மேல் தக்கவைத்துக்கொள்ளும். கருவிலிருக்கும் குழந்தைக்கும் தாயின் இரத்தத்திலிருந்து அது போகிறது. வியப்பான ஒன்று, தாய்ப்பாலில் மட்டும் மிகமிகக் குறைவாகவே வருகிறது. அம்மா எந்தத் தண்ணீர் குடித்தாலும் முலைப்பால் குடிக்கும் வரை குழந்தைக்கு அது ஒரு காப்பு. புட்டிப்பால் கொடுக்கும் வீடுகளில் அந்தக் காப்பு இல்லை, பவுடரைக் கரைக்கும் தண்ணீர்தான் குழந்தையின் முழு உணவும் ஆகிறது. முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் மிக முக்கியம் என்பதால், மகளின் முதல் இரண்டு ஆண்டு போர் தண்ணீரில் கழிந்துபோனது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 1.5-க்கு மேற்பட்ட ஃப்ளோரைடுள்ள குடிநீருக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியோடு சொல்கிறது. எங்கள் போர் அதைவிட இருமடங்கு.

இனி என் குறைக்கு வருகிறேன். ஓராண்டு நிறைவில் 4,200 ரூபாய் கட்டிப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டதும் சர்வீஸ்காரர் வந்தார். கார்பன் ஃபில்டரை மாற்றினார், மீட்டரை வைத்துப் பார்த்தார். "டி.டி.எஸ். ரொம்பக் கம்மியா இருக்குண்ணா, சத்தே இருக்காது, கூட்டி விட்டுடறேன்" என்று சொல்லி, உள்ளே இருந்த சிறிய திருகை ஸ்க்ரூ டிரைவரால் அரைச் சுற்று திருப்பினார். 310 வந்தது. தண்ணீரும் முன்பைவிட ருசியாகத்தான் இருந்தது. அந்தத் திருகு என்ன செய்கிறது என்பதை நான் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மெம்பரேன் வழியாகப் போகாத போர் தண்ணீரில் ஒரு பங்கை, சுத்தம் செய்த தண்ணீரோடு நேராகக் கலந்து விடும் வால்வு அது. கால்சியம் வரும் அதே வழியில் ஃப்ளோரைடும் வரும். ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது 1.3 என்று வந்தது. விதியின் உச்ச அளவுக்கு உட்பட்டதுதான், சட்டப்படி குற்றமில்லை, ஆனால் 0.3-க்குப் பணம் கொடுத்தவனுக்கு, கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வீட்டில், அது சின்ன வேறுபாடு அல்ல. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "டி.டி.எஸ். முந்நூறுதானே சார், அது சூப்பர் தண்ணி" என்றார்கள். எங்கள் மாவட்டத்துக்குச் சேவை செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆட்களுக்கு ஃப்ளோரைடு என்ற சொல்லே புதிதாக இருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வால்வை நானே மூடினேன், மறுசோதனையில் 0.4.

சத்து பற்றிச் சர்வீஸ்காரர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. மெம்பரேன் கால்சியத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. கால்சியம் குறைந்த உடலில் ஃப்ளோரைடின் பாதிப்பு கூடும் என்பதும் தெரிந்ததே. ஆனால் அதைத் தண்ணீரிலிருந்து எதிர்பார்க்கத் தேவையில்லை. நூறு கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தருமபுரிக்காரனுக்குக் களி கிண்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் கிண்டினால் போதும்.

வெளியேற்றும் தண்ணீர் இன்னொரு தொல்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் வெளியே போகிறது. வீணாகிறதே என்று அம்மா அதைப் பிடித்து மாட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். எடுக்கப்பட்ட ஃப்ளோரைடு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. மாட்டுக்கும் பல் தேயும், கால் விறைக்கும். இப்போது பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் மட்டும் பயன்படுத்துகிறோம். உப்பு குறைந்த தண்ணீர் வரும் இடங்களில் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தடை செய்யும்படி, அதாவது டி.டி.எஸ். 500-க்குக் கீழ் உள்ள இடங்களில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னதும் இந்த விரயத்தைக் கருதித்தான்.

குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வரும் வீட்டுக்காரர்கள் இந்த மதிப்பீட்டைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்று நீர் பாறைக்குள் நெடுநாள் கிடப்பதில்லை. ஊரில் இருக்கும் என் தங்கை வீட்டுக் குழாய்த் தண்ணீரை நானே சோதித்துப் பார்த்தேன், 0.5 வந்தது. அவளுக்கு இந்தச் செலவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாய் எட்டாத கொட்டாய்களுக்கும் போர் தண்ணீரையே நம்பியிருக்கும் வீடுகளுக்கும்தான் இது. கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் அந்தக் கேனையும் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால் இயந்திரத்துக்கு நாலு, சேவைக்கு ஒன்றரை. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பேன், ஏனெனில் மெம்பரேனை மாற்ற வேறு ஆள் இல்லை. ஆனால் சர்வீஸ்காரர் கிளம்பும் முன் அந்தத் திருகு மூடியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதன் தலையில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். அடுத்த மெம்பரேன் கார்த்திகையில். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டில் ஆய்வகத்துக்குப் போகும். மகளுக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைக்க இன்னும் மூன்று ஆண்டுகளாவது ஆகும். தம்பிக்கு அதற்கும் மேல் இரண்டு ஆண்டு.